பதினோரு ரூபாய் வளையம்

டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்ததும் பிரிசில்லாவுக்கு முதலில் தன் கண் மேல்தான் சந்தேகம் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கம்பியில் கோத்து அடுக்கியிருந்த டிஸ்க்குகளில் நடுவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அப்படியே இருந்தது. அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதிலும் அதேதான். நடு ஓட்டையை ஒட்டிச் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு மங்கலான வளையம். அதற்கு வெளியே விளிம்பு வரைக்கும் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போலப் பளபளப்பு.

பக்கத்தில் இருந்த சோதனை இயந்திரம் எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அது என்ன செய்யும், பாவம். கேட்டதைக் கொடுத்திருக்கிறோமா என்று மட்டும்தான் அதற்குப் பார்க்கத் தெரியும். கேட்டதே அயோக்கியத்தனமா என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பத்தில், சுற்றிலும் ரசாயன வாடை அடிக்கும் தொழிற்பேட்டையில், வீடியோ கேம் டிஸ்க் அடிக்கிற ஆலை அது. பிளாஸ்டிக் மணியை உருக்கி, மாஸ்டர் என்கிற அச்சுத்தகட்டில் அழுத்தி, மேலே உலோகப் பூச்சு பூசி, நாலு விநாடிக்கு ஒன்று என்று தள்ளிவிடும். பிரிசில்லா பதினாலு வருஷமாக அங்கே இருக்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கடலூர், அங்கிருந்து கம்பெனி வேன். பேக்கிங்கில் சேர்ந்தவள், இப்போது தரம் பார்க்கும் பிரிவுக்கும் பேக்கிங்குக்கும் சேர்த்துப் பொறுப்பாளர். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த டிஸ்க் கைக்கு வந்தாலும், பேரைப் படிப்பதற்கு முன்னால் திருப்பி வெளிச்சத்தில் பிடிப்பார்கள். பதிவான இடம் மங்கலாகத் தெரியும், பதிவாகாத இடம் மின்னும். மங்கல் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் உள்ளே சரக்கு. கடைக்காரனுக்கும் தெரியாது, காசு கொடுத்து வாங்குகிறவனுக்கும் தெரியாது. அடிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

'ஆஷ் ஹார்பர்' என்கிற அந்த கேம் நாற்பத்தைந்து ஜிபி. சுண்டுவிரல் அகலத்தில் ஆறு ஜிபி அடங்கினால் அதிகம். மீதியை வாங்கினவன் இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கொடுத்து ஒருத்தன் வீட்டுக்கு எடுத்துப் போகப்போவது, வீடு கட்டாமல் வெறும் வாசற்படியை மட்டும் வாங்கினது மாதிரி.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஊரான் காசு போகிறதே என்று மட்டும் இல்லை. அவளே இதில் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் இதே கேமுக்கு இருநூறு டிஸ்க் வெள்ளோட்டமாக அடித்தார்கள். இரண்டு அடுக்கு டிஸ்க், கேம் மொத்தமும் உள்ளே. வெளிச்சத்தில் பிடித்தபோது மங்கல் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. சோதனை முடிந்ததும் விதிப்படி அந்த இருநூறையும் அவளே எண்ணி எண்ணி நொறுக்கும் இயந்திரத்தில் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து தம்பி அன்பரசு சாப்பிட வந்திருந்தான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ஆஷ் ஹார்பர் உங்க எடத்துலதான அடிக்கிறாங்க? முழுசா இருக்குமா, அரையும் குறையுமா இருக்குமா?"

ஆலையில் நடப்பதை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். போனைக்கூட கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். பதினாலு வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள், அன்றைக்குக் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"முழுசுடா. விளிம்பு வரைக்கும் இருக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். அன்பரசுவுக்கு அது போதும். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் அவனுக்கு ஒரு கேம் கடை இருக்கிறது. புது டிஸ்க் விற்பான். ஆடி முடித்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் விலை கொடுத்து எடுத்துக்கொண்டு வேறு கொடுப்பான். ஒரு டிஸ்க் எட்டுக் கை மாறும். ஹாஸ்டல் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, முடித்து, மாற்றி, இன்னொன்று வாங்கி, இப்படியே நாலு வருஷப் படிப்பையும் ஓட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால் அதற்கு ஒரே காரணம், டிஸ்க் என்பது கையில் இருக்கிற பொருள், விற்கலாம் என்பதுதான்.

அக்கா சொன்ன மறுநாளே கடை வாசலில் போர்டு எழுதி வைத்துவிட்டான். 'ஆஷ் ஹார்பர். முழு கேமும் டிஸ்க்கிலேயே. நெட் தேவையில்லை. கேரண்டி.' நாற்பத்து மூன்று பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள்.

பிரிசில்லா மூன்று டிஸ்க்குகளையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் ஞானசேகரன் நல்ல மனுஷன்தான், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ளாத நல்ல மனுஷன். எதிரே கேம் கம்பெனியின் ஆள் அறிவழகன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதே மாவட்டம், கம்மாபுரத்துப் பிள்ளை. சென்னைக்குப் போய் ஆறு வருஷத்தில் விசிட்டிங் கார்டில் 'ஆரிவ்' ஆகிவிட்டான்.

"சார், ரெண்டாவது லைன்ல ஓடுறது வேற மாஸ்டர் சார். ட்ரையல்ல வந்தது இது இல்ல."

"தெரியும்மா," என்றார் ஞானசேகரன். "மாத்திட்டாங்க. ரெண்டு அடுக்கு வாணாம், ஒத்த அடுக்கு போதும்னு மெயில் வந்துச்சு. டிஸ்க்குக்குப் பதினோரு ரூபா கொறையுது."

"பதினோரு ரூபாவா?"

அறிவழகன் சிரித்தான். "பன்னிரண்டாயிரம் பீஸ் மேடம். பெருக்கிப் பாருங்க."

"பெருக்கிட்டேன் சார். ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். நீங்க ஒண்ண விக்கிறது அஞ்சாயிரத்துக்கு. இங்க டிஸ்க்கு, டப்பா, அட்ட, மேல சுத்துற பிளாஸ்டிக்கு, எங்க எம்பது பேரு கூலி எல்லாஞ் சேத்து நூறு ரூபா தாண்டல. போன மாசம் உங்க கம்பெனிக்காரரு பேட்டி குடுத்தாரே, டிஸ்க் செலவு ஜாஸ்தியாயிடுச்சு, அதான் வெல ஏத்துறோம்னு. எங்க சார் ஜாஸ்தியாச்சு? எட்டு வருஷமா எங்களுக்கு நீங்க அதே ரேட்டுதான குடுக்கறீங்க?"

ஞானசேகரன் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். அவருக்கு அந்தக் கடைசிக் கேள்வி பிடித்திருந்தது. வாயைத் திறந்து பிடித்திருக்கிறது என்று சொல்ல மட்டும் தைரியம் இல்லை.

அறிவழகன் கால் ஆட்டுவதை நிறுத்தினான். "மேடம், உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். பதினோரு ரூபா பெரிய விஷயம் இல்ல. இந்த ஊர்ப் பக்கம் ஒருத்தன் டிஸ்க் வாங்குறான். முடிச்சுட்டு அடுத்தவனுக்கு விக்கிறான். அவன் இன்னொருத்தனுக்கு விக்கிறான். பத்து பேர் ஆடுனா ஒம்போது பேர் எங்களுக்கு ஒத்தப் பைசா தரல. டவுன்லோடு பண்ண வச்சா வாங்குனவன் அக்கவுண்ட்டோட கட்டிப் போட்டுடலாம். அப்புறம் டிஸ்க்க வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? வெறும் பிளாஸ்டிக்."

அவன் பார்த்தே இராத தம்பி கடையை, அதன் ஷட்டர் முதற்கொண்டு வர்ணித்ததுபோல் இருந்தது பிரிசில்லாவுக்கு. செருப்பு வாங்கினவன் பழையதை விற்கிறான். பைக் வாங்கினவன் விற்கிறான். செருப்புக் கம்பெனிக்காரன் வந்து அடுத்தவன் காலைப் பிடித்து இழுக்கிறானா? காசு கொடுத்து வாங்கின பொருள் வாங்கினவனுக்குச் சொந்தம் என்பதில் இவர்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?

"வாங்குறவங்களுக்கு இது தெரியுமா சார்? அட்டையில ஒரு வார்த்தகூட இல்லையே. அட்டை அச்சடிச்சு வந்து ஒரு மாசம் ஆவுதே."

"அதுக்குத்தான் ஸ்டிக்கர் வருது. எங்க வக்கீலுங்க போடச் சொல்லிட்டாங்க, வேற வழியில்ல," என்றான் அறிவழகன், அதுதான் பெரிய தொந்தரவு என்பதுபோல. "எங்க ஒட்டறதுன்னு நாளைக்கு ஃபர்ஸ்ட் பீஸ் பாக்கறப்ப முடிவு பண்ணிக்கலாம்."

சாயங்காலம் கேட்டில் போனை வாங்கியதும் பிரிசில்லா தம்பியின் நம்பரைப் போட்டாள். ஒரு ரிங் போவதற்குள் கட் செய்தாள். தகவல் வெளியே போனது தெரிந்தால் ஆர்டரை அப்படியே தூக்கி வேறு ஆலைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எண்பது குடும்பம். ஒரு தடவை வாய் தவறிப் பேசிவிட்டு இந்தப் பாடு. இன்னொரு தடவை பேசினால் அது வாய் தவறியது ஆகாது. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளோட்டத்தைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுத்தாயே, அறிவு இருக்கிறதா உனக்கு, வெள்ளோட்டம் என்றால் என்னவென்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் சனிக்கிழமை மதியம் ஸ்டிக்கர் சுருள் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அளவு, மஞ்சள் நிறம், கொட்டை எழுத்து. இந்த டிஸ்க்கில் கேம் முழுமையாக இல்லை, மீதி முப்பத்தொன்பது ஜிபியை இணையத்தில் இறக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அப்பட்டமாகப் போட்டிருந்தது. எழுதின வக்கீல் யாராக இருந்தாலும் அவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆலையில் ஒரு நடைமுறை உண்டு. எந்த ஆர்டராக இருந்தாலும் முழுதாகக் கட்டி முடித்த முதல் பெட்டியைத் தட்டில் வைத்து, ஆர்டர் கொடுத்தவர்களின் ஆளிடம் கொடுப்பார்கள். அவர் புரட்டிப் பார்த்துப் பின்பக்கம் மார்க்கரால் கையெழுத்துப் போடுவார். அந்தப் பெட்டி கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். அப்புறம் அடிக்கிற அத்தனையும் அதைப் போலவே இருக்க வேண்டும். அதிலிருந்து இம்மி பிசகினால் தப்பு ஆலையுடையது. அதன்படியே இருந்தால் தப்பு கையெழுத்துப் போட்டவருடையது. வருஷக்கணக்காக இந்த விதியால் கட்டுப்பட்டது ஆலைக்காரர்கள் மட்டும்தான்.

பிரிசில்லா முதல் பெட்டியைத் தன் கையாலேயே கட்டினாள். முன்பக்கத்தில் கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு ஒரு கப்பல் தலைவன் முறைத்துக்கொண்டு நின்றான். அவன் நெற்றிக்கு மேலே, கேமின் பெயருக்குப் பக்கத்தில், மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

பேக்கிங்கில் மூத்தவளான ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏ பிரிசி, இதெல்லாம் பின்னாலதான ஒட்டுவோம்?"

"எங்க ஒட்டணும்னு இன்னும் யாரும் சொல்லலக்கா. வாங்குறவன் கண்ணு மொதல்ல எங்க போவுமோ அங்க ஒட்டியிருக்கேன். வாணாம்னா அந்தாளு சொல்லட்டும், எடுத்துடறேன்."

ராசம்மாள் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சுருளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அறிவழகன் வந்தான். பாண்டிச்சேரியில் ரூம் போட்டிருந்தான், சிநேகிதர்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். விருந்தாளி என்பதால் அவன் போனை மட்டும் கேட்டில் வாங்குவதில்லை. அது காதிலேயே இருந்தது. பிரிசில்லா தட்டை நீட்டினாள், முன்பக்கம் மேலே தெரியும்படி.

"சார், ஸ்டிக்கர் முன்னால ஒட்டியிருக்கு. பாத்துட்டுப் போடுங்க."

"ஓகே, சூப்பர்," என்றான் அவளிடமோ, போனில் இருந்தவனிடமோ. பெட்டியைத் திருப்பினான். பின்பக்கம் கையெழுத்துப் போட்டான். கூட இருந்த மூன்று தாளிலும் போட்டான்.

ஏமாற்றிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அதனால் இன்னொரு தடவையும் கேட்டாள்.

"முன்பக்கம் பாத்தீங்களா சார்? ஸ்டிக்கரு?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. டைம் ஆச்சு மேடம்."

பதினோரு ரூபாய்க்குப் பெருக்கல் கணக்குப் போட்டுக் காட்டினவனுக்கு, தன் கம்பெனிச் சரக்கின் முகத்தைப் பார்க்கப் பதினோரு விநாடி கிடைக்கவில்லை. அவன் கார் கேட்டைத் தாண்டினதும் பிரிசில்லா அந்தப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஞானசேகரன் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். பேக்கிங் லைன் ஓட ஆரம்பித்தது. ராசம்மாளும் மற்ற பெண்களும் ஞாயிறு ஓவர்டைம் பார்த்து, பன்னிரண்டாயிரம் பெட்டிக்கும் ஒரே இடத்தில், கோணாமல், சுருக்கம் விழாமல் ஒட்டிக் கொடுத்தார்கள். அவ்வளவு சுத்தமாக அந்த ஆலையில் ஸ்டிக்கர் ஒட்டி யாரும் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலையில் வெடித்தது. சரக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது, எங்கேயோ ஒரு கடைக்காரன் பெட்டியைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டான். வீடியோ காலில் அறிவழகன் முகமும், பம்பாய் ஹெட் ஆபீஸிலிருந்து இன்னும் மூன்று முகங்களும் வந்தன. ஞானசேகரன் பிரிசில்லாவையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"யாரக் கேட்டு முன்னால ஒட்டுனீங்க? என்னா நெனச்சிக்கினு இருக்கீங்க மனசுல?" கோபத்தில் ஆரிவ் எங்கேயோ போய், கம்மாபுரம் முழுசாக வெளியே வந்திருந்தது.

ஞானசேகரன் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து வந்து, கேமராவுக்கு முன்னால் முதலில் முன்பக்கத்தைக் காட்டினார். அப்புறம் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினார். தேதியும் இருந்தது. பம்பாயில் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லாவற்றையும் திருப்பி வரவழைத்து மேல் பிளாஸ்டிக்கைக் கிழித்து, ஸ்டிக்கரைப் பின்னால் ஒட்டி, மறுபடி சுற்றித் தர என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். பெட்டிக்குப் பதினாலு ரூபாய், லாரி வாடகை தனி என்றார் ஞானசேகரன். கையெழுத்து அவர்களுடையது, எனவே செலவும் அவர்களுடையது. வெள்ளிக்கிழமை ரிலீஸ். மிச்சம் பிடித்தது பதினொன்று, மறைக்க ஆகிற செலவு பதினாலு. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. விட்டுவிடுங்கள், அப்படியே போகட்டும் என்று கண்ணாடியைக் கழற்றினவர் சொன்னார்.

கால் முடிந்ததும் ஞானசேகரன் கதவைச் சாத்தினார்.

"நீ வேணும்னேதான பண்ண?"

"ஆமா சார்."

"இன்ஸ்பெக்ஷன்ல உன்ன வச்சிருக்கக் கூடாதுன்றாங்க. திங்கக்கெழமேலேர்ந்து ஸ்டோர்ல போட்ருக்கேன். சம்பளத்துல கை வைக்கல. அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

அவர் முடியாது என்று சொன்னது உண்மைதான். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஆத்திரம் ஆத்திரம்தான். களவாணித்தனம் செய்தவனுக்கு ரூம் பாண்டியில். கண்ணால் பார்த்ததைச் சொன்னவளுக்கு இடம் சாக்கு மூட்டைக்கு நடுவில். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் காலையிலேயே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். இனி வாயைக் கட்ட வேண்டியதில்லை, விஷயம் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறது. தம்பி முகத்தைப் பார்ப்பதுதான் பாக்கி. பிரியாணிக் கடையில் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்பரசு அட்டைப் பெட்டியைப் பிரித்து, டிஸ்க் பெட்டிகளைக் கவுன்டர் மேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றான். நாற்பத்து மூன்று மஞ்சள் ஸ்டிக்கர்.

"என்னாக்கா இது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளோட்டம், மாற்றின மாஸ்டர், கையெழுத்து, ஸ்டோர். அவன் பாதியிலேயே கவுன்டரை ஓங்கி அறைந்தான்.

"ஒரு போனு பண்ணக்கூடாது? நாப்பத்து மூணு பேருக்கு வாக்கு குடுத்துருக்கேன்! எங்க அக்கா அந்த எடத்துலதான் வேல செய்றாங்க, அவுங்க சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிச் சொல்லி வாங்கியிருக்கேன்!"

"எம்பது பேரு பொழப்பு இருக்குதுடா. நான் மொதல்ல சொன்னதே தப்பு."

"போனது போவட்டும்." அவன் குரல் தணிந்தது. பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தான். "மேல பிளாஸ்டிக்குலதான ஒட்டியிருக்குது. பிச்சிட்டா ஒண்ணும் தெரியாது. அவனவன் வீட்டுக்குப் போயி டவுன்லோடுன்னு வந்தா, எனக்கு எப்படித் தெரியும், கம்பெனிகாரன் பண்ணுன வேலன்னு சொல்லிட்டுப் போறேன். இத எல்லாம் திருப்பி அனுப்புனா டீலர் அடுத்த கேமே குடுக்க மாட்டான்க்கா. கடைய மூடிட்டு நானும் உங்க ஸ்டோருக்கே வந்துடட்டுமா?"

பேசிக்கொண்டே ஸ்டிக்கரின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தான். மூலை கிளம்பி வந்தது.

பிரிசில்லா மீதிப் பெட்டிகளையும் அவன் பக்கம் தள்ளினாள். "பிய்யிடா. நல்லா பிய்யி. பன்னெண்டாயிரம் பொட்டியில நாப்பத்து மூணு மட்டும் மொட்டையா இருக்கட்டும். அந்தக் கம்பெனிகாரனே பிக்க முடியாம உட்டுட்டான், நீ பிச்சிக் குடு அவனுக்கு. நான் எந்த எடத்துல வேல செய்றேன்னு ஊரெல்லாம் சொன்னியே, அந்த எடத்துலேர்ந்து என்னத் தூக்குனதே இதுக்குத்தான்டா."

அன்பரசுவின் நகம் அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. இசைவாணி என்கிற பெண், விவசாயப் படிப்பு கடைசி வருஷம். ஹாஸ்டலில் அவளும் மூன்று தோழிகளும் சேர்ந்து ஒரு பழைய கேம் மெஷின் வைத்திருக்கிறார்கள். போர்டு எழுதின அன்றைக்கே முன்பணம் கட்டின முதல் ஆள் அவள்தான்.

"அண்ணா, வந்துடுச்சா? குடுங்க குடுங்க."

அவள் நீட்டின கையைப் பார்த்தான் அன்பரசு. அக்காவைப் பார்த்தான். அப்புறம் மூலை கிளம்பின அந்தப் பெட்டியையே, ஸ்டிக்கரோடு, அவள் கையில் வைத்தான்.

இசைவாணி படித்தாள். முகம் மாறியது. "என்னண்ணா, முழுசுன்னு சொன்னீங்க?"

"நான்தாம்மா முழுசுன்னு சொன்னேன்," என்றாள் பிரிசில்லா. "இவன் அக்கா. அந்த டிஸ்க் அடிக்கிற எடத்துலதான் வேல செய்றேன். நான் பாத்தப்ப முழுசா இருந்துச்சு, அப்புறம் மாத்திட்டாங்க. தப்பு என் பேர்ல. பணத்த வாங்கிக்க."

"முப்பத்தொம்போது ஜிபி." இசைவாணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். "எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான் நெட்டு. போன் பாக்காம, பாட்டு கேக்காம இருந்தாலும் இருபத்தாறு நாள். நாலு பேர் காசு போட்டு வாங்கினா ஒருத்தி அக்கவுண்ட்டுலதான் நிக்கும், இல்லையா? திருப்பிக் குடுத்தா அண்ணன் எடுத்துக்க முடியாது?"

"முடியாது. அதுக்குத்தாம்மா செஞ்சிருக்காங்க."

அன்பரசு ஒரு பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். அவள் அதை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, மங்கல் வளையத்தை விரலால் சுற்றிக் காட்டினாள். இவ்வளவுதான் சரக்கு, மீதியெல்லாம் காலி என்றாள். இசைவாணி வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் யாரையும் கேட்காமல் பழைய டிஸ்க் ரேக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பிடித்தாள். நிறைந்திருந்தது. இன்னொன்று. பாதி. புது ரேக்கிலிருந்து பிரித்து வைத்திருந்த ஒன்று. விரல் நக அகலம்.

"அடப்பாவிங்களா," என்றாள். "இதுக்கு ஸ்டிக்கர்கூட ஒட்டலயே."

பதினோரு மணிக்கு மேல் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். பிரிசில்லா கவுன்டருக்கு வெளியே நின்று ஒவ்வொருத்தரிடமும் அதையே சொன்னாள்: முழுசு என்று சொன்னது நான்தான், தப்பு, முழுசு இல்லை. ஏழாவது ஆள் வந்தபோது தொண்டை கட்டிக்கொண்டது. சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். ஒருத்தன் அவளையே கம்பெனிக்காரி என்று நினைத்து வாய்க்கு வந்தபடி பேசினான். அதற்கும் நின்றாள். சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் நல்ல நெட் இருக்கிற ஐந்து பேர் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். போனவர்களில் பாதிப் பேர் உடனே போகவில்லை. ரேக்கில் இருந்த டிஸ்க்குகளை எடுத்து வரிசையாக டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆலைக்குள் பதினாலு வருஷம் அவள் பார்த்த வேலையை இப்போது ஜெராக்ஸ் எடுக்க வந்த பையன்கள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறைந்திருந்த பழைய டிஸ்க் பதினேழு அன்றைக்கு விற்றது. இசைவாணி எடுத்துப் போனது அதில் ஒன்று.

ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அன்பரசு வாசலுக்குப் போய், ஈரத் துணியால் போர்டில் இருந்த 'கேரண்டி'யை அழித்தான். திரும்பி வந்து, டீலருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தான். அக்காவிடம் அவன் இன்னும் சரியாகப் பேசவில்லை. காலையில் நகம் வைத்த பெட்டி, இசைவாணி விட்டுப் போனது, கையில் வந்தது. ஸ்டிக்கரின் மூலை சுருண்டு நின்றது. கட்டை விரலால் அழுத்தினான், நிற்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய் கம் பாட்டிலை வாங்கிவந்து, மூலைக்கு அடியில் ஒரு சொட்டு வைத்து, காய்கிற வரைக்கும் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.